தீம் பார்க் போக நல்ல நாள் எது? சந்தேகங்களும் விளக்கங்களும்

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் தீம் பார்க் போய்வர டிக்கெட், வண்டி, சாப்பாடு, லாக்கர் வாடகை என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நடுத்தர வீடுகளில் பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். அந்தப் பணத்துக்கு நாள் முழுக்க ஆசை தீர விளையாடிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதே பணத்தைக் கொடுத்துவிட்டு, வெயிலில் கியூவில் நின்று கால் கடுத்து, நாலைந்து ரைடோடு திரும்புகிறவர்களும் உண்டு. இரண்டு குடும்பமும் போன பூங்கா ஒன்றுதான். போன நாள் மட்டும் வேறு. எந்தப் பூங்கா நல்லது என்று பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், எந்த நாள் நல்லது என்று யாரிடமும் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தேடலாம்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. அப்போது போவதில் என்ன தவறு?

தவறு ஒன்றுமில்லை. ஆனால் வருடத்தில் மிகக் கடினமான மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்து போக வேண்டும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் ஒரே நேரத்தில் பள்ளிகள் மூடியிருக்கும் மாதம் மே. சென்னைப் பூங்காவுக்குத் தென்மாவட்டத்திலிருந்து வருகிறார்கள். கொச்சிக்கும் பெங்களூருக்கும் நம் கொங்கு மாவட்டங்களிலிருந்து பேருந்து பேருந்தாகப் போகிறார்கள். இந்த மூன்று மாநிலக் கூட்டமும் ஒரே கியூவில்தான் நிற்கிறது.

அடுத்தது வெயில். பெரும்பாலான ஆண்டுகளில் மே 4 முதல் 28 வரை கத்திரி. அது முடிந்தால் வெயில் தணியும் என்று நம்பி 29, 30 தேதிகளில் கிளம்புகிறவர்கள் அதிகம். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு. மே கடைசியில் மேற்குக் காற்று வலுத்தால், கடற்காற்று கரைக்குள் நுழையவே பிற்பகலாகிவிடும். அந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பூங்காக்கள்கூட நண்பகலில் கொதிக்கும். இரும்புக் கைப்பிடியும் பிளாஸ்டிக் இருக்கையும் சுடும்; வெறுங்காலோடு ஸ்லைடு படியேறும் குழந்தையின் பாதம் சிமெண்டுத் தரையைத் தாங்காது.

மே தவிர வேறு வழியே இல்லாதவர்களுக்குச் சில யோசனைகளைப் பின்னால் சொல்கிறேன்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தால் கியூவும் கொஞ்சம்தானே குறையும்? அதற்காக இவ்வளவு திட்டமிட வேண்டுமா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். கூட்டம் கொஞ்சம் குறைந்தாலே கியூ ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ரோலர் கோஸ்டர் ஒரு சுற்றுக்கு 24 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஏற, பெல்ட் மாட்ட, சுற்றிவர, இறங்க என மொத்தம் 3 நிமிடம். மணிக்கு 20 சுற்று. ஆக, மணிக்கு 480 பேர். அதற்கு மேல் அந்த ரைடால் முடியாது. ஒரு நாள் மணிக்கு 450 பேர் அங்கே வருகிறார்கள். வருகிறவர்களை எல்லாம் ரைடு உடனுக்குடன் ஏற்றி அனுப்பிவிடும். அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ இடம் கிடைத்துவிடும். இன்னொரு நாள் மணிக்கு 600 பேர் வருகிறார்கள். ஒவ்வொரு மணி நேரமும் 120 பேர் மிச்சம் நிற்கிறார்கள். நாலு மணி நேரத்தில் 480 பேர் தேங்கிவிடுகிறார்கள். அப்போது கியூவின் வாலில் போய் நிற்கும் நீங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்துதான் ஆக வேண்டும். 450 பேருக்கும் 600 பேருக்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் காத்திருப்பு 3 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஆளே இல்லாத நாளைத் தேடி அலைய வேண்டியதில்லை. உச்சக் கூட்டத்தில் கால்பங்கு குறைந்த நாள் கிடைத்தாலே போதும். ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. அடுத்தது, கியூ நேரம் போகப் போகச் சேருகிற ஒன்று. காலையில் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய ரைடுகளை முடித்துவிடுகிறவர்கள், தேக்கம் தொடங்கும் முன்பே தப்பித்துவிடுகிறார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே நுழையும் குடும்பம், முழு டிக்கெட் பணம் கொடுத்துவிட்டு நாளின் மோசமான பாதியை வாங்குகிறது.

சரி, சென்னைப் பகுதிப் பூங்காக்களுக்கு எந்த மாதம் நல்லது?

பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம் முதல் மார்ச் முதல் வாரம் வரை. என்னைக் கேட்டால் சென்னைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை விடைபெற்றிருக்கும். பகல் வெப்பம் முப்பதை ஒட்டி நிற்கும். அரையாண்டு விடுமுறைக் கூட்டமும் பொங்கல் கூட்டமும் வடிந்திருக்கும். வீட்டுக்கு வீடு ஆண்டுத் தேர்வு, பொதுத்தேர்வு என்ற பேச்சு தொடங்கியிருப்பதால் வெளியே கிளம்புகிறவர்கள் குறைவு. உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இல்லையென்றால், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை தாராளமாகப் போகலாம்.

இஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் இருக்கும் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் உள்ள எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள குயின்ஸ்லேண்ட், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புதிதாகத் திறந்த பூங்காவுக்கு முதல் ஓராண்டில் மாதக் கணக்கு சரியாக எடுபடாது. ஊரே பார்க்கத் துடிக்கும் காலம் அது. அங்கே வார நாளாகப் பார்த்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

தவிர்க்க வேண்டியவை என்றால், காணும் பொங்கல் முதலிடம். அன்று மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் எல்லாம் எப்படி நிரம்பி வழியும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூங்காவும் அப்படித்தான், திரும்பி வரும் சாலையும் அப்படித்தான். அடுத்தது அக்டோபர் பிற்பாதி முதல் டிசம்பர் நடுவரை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் முன்பதிவு செய்த டிக்கெட் கையிலேயே இருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு இடைவெளி ஏப்ரல் முதல் பாதி. நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் அப்போது ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். பிளஸ் டூ முடித்த மாணவர் குழுக்கள் வரும். குடும்பக் கூட்டம் தேர்வு முடிந்த பிறகுதான். வெயில் இருக்கும் என்றாலும் மே மாத அளவு இருக்காது. ஒன்றாம் வகுப்புக்குள் நுழையாத குழந்தை உள்ள வீடுகளுக்கு இது அருமையான காலம்.

கொச்சி, பெங்களூரு போக நினைக்கிறோம். அங்கேயும் இதே கணக்குத்தானா?

இல்லை. நம் வீட்டு நாள்காட்டியைப் பார்த்து வேறு மாநிலத்துக்குத் தேதி குறிப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துப் பள்ளி நாள்காட்டியைப் பாருங்கள். அவர்களுக்கு வேலை நாளாகவும் நமக்கு விடுமுறையாகவும் இருக்கும் நாள்தான் தங்கமான நாள்.

கொச்சியை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கரையில் 2000-ஆம் ஆண்டு வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி, பிறகு வொண்டர்லா ஆன பூங்கா அங்கே இருக்கிறது. கேரளத்தில் பள்ளிகள் மார்ச் கடைசியில் மூடி ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. ஆகவே ஏப்ரல், மே இரண்டும் அவர்களுக்கு முழு விடுமுறை. ஆவணியில் ஓணத்தை ஒட்டிப் பத்து நாள் அளவுக்குப் பள்ளி விடுமுறை. அந்த வாரம் கொச்சிப் பக்கமே போகாதீர்கள். ஓணம் முடிந்து பள்ளி திறந்த அடுத்த வாரம் அங்கே நிம்மதியாக இருக்கும். அதேபோல நமக்குத் திருவள்ளுவர் தினமும் உழவர் திருநாளும் வார நாளில் வந்தால், எர்ணாகுளத்தில் அவை சாதாரண வேலை நாட்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல்காரர்கள் சிலர் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதால் ஆள் நடமாட்டம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அதே நாளில் சென்னையில் இருக்கும் நெரிசலோடு ஒப்பிடவே முடியாது.

பெங்களூரில் மைசூரு சாலையில் பிடதி அருகே 2005-இல் திறக்கப்பட்ட வொண்டர்லாவுக்குத்தான் நம் மக்கள் அதிகம் போகிறார்கள். கர்நாடகத்தில் கோடை விடுமுறை ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி மே கடைசியில் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வெயில் காரணமாகப் பள்ளி திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகள் உண்டு. 2023-இல் ஜூன் 12-ஆம் தேதியும் 2024-இல் ஜூன் 10-ஆம் தேதியும்தான் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் ஜூன் முதல் வாரத்தின் வார நாட்கள் நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி. பெங்களூரிலும் அப்போது வெயில் தணிந்திருக்கும். மாலையில் ஒரு மழை வந்து போகலாம். கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் பக்கத்துக் குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த வாரத்தைப் பிடிக்கலாம். தவிர்க்க வேண்டியது அக்டோபர் தசரா விடுமுறை. நம் ஆயுத பூஜைத் தொடர் விடுமுறையும் அதோடு சேர்ந்துகொண்டால் ஓசூர் சாலையிலேயே பாதி நாள் போய்விடும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெங்களூரில் காலைக் குளிர் அதிகம். ரோலர் கோஸ்டர் பிரியர்களுக்குப் பிரச்சினை இல்லை. தண்ணீரில் ஊற வேண்டும் என்று போகிறவர்கள், நாலு மணிக்கு மேல் ஈர உடையோடு நடுங்க வேண்டியிருக்கும். தண்ணீர்தான் முக்கியம் என்றால் பெங்களூருக்குப் பிப்ரவரி பின்பாதியும் மார்ச் முதல் பாதியும் சரியான காலம்.

வார நாளில் போகச் சொல்கிறீர்கள். அதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு லீவு போடச் சொல்வதா?

வேண்டாம். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு அழகான மாற்று வழி இருக்கிறது: உள்ளூர் விடுமுறை. மாவட்ட ஆட்சியர்கள் கோயில் திருவிழாவுக்கும் உள்ளூர் விழாவுக்கும் தங்கள் மாவட்டத்துக்கு மட்டும் விடுமுறை அறிவிக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சி, ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு விருதுநகர், சதய விழாவுக்குத் தஞ்சாவூர், கந்தூரிக்கு நாகப்பட்டினம் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் ஒன்றிரண்டு நாள் கிடைக்கும். அன்று உங்கள் மாவட்டம் மட்டும் விடுமுறையில் இருக்கும். பக்கத்து மாவட்டமும் பக்கத்து மாநிலமும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். திருவிழாவில் கலந்துகொள்கிறவர்கள் கலந்துகொள்ளட்டும். அப்படி ஈடுபாடு இல்லாத குடும்பத்துக்கு, கியூ இல்லாத பூங்கா அன்றுதான். பதிலுக்கு ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிப்பார்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

ஞாயிறு மட்டுமே விடுமுறை உள்ள தொழிலாளர் குடும்பங்கள் இதைப் படித்தால், நமக்கு ஒன்றும் இல்லையா என்று நினைக்கலாம். ஞாயிறுகளிலும் தரம் உண்டு. பள்ளி திறந்த பிறகு வரும் இரண்டாவது ஞாயிறு, பிப்ரவரி மாத ஞாயிறுகள், சம்பளம் வருவதற்கு முன்பான மாதக் கடைசி ஞாயிறு ஆகிய நாட்களில், மாத முதல் ஞாயிற்றில் இருக்கும் நெருக்கடி இருக்காது. பெங்களூரு பக்கம் போகிறவர்கள் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறையும் யோசிக்கலாம். ஊர் முழுக்கத் துணிக்கடையில் இருக்கும் நாள் அது. சனி, ஞாயிறு இரண்டும் கைவசம் உள்ளவர்கள் சனியைத் தேர்ந்தெடுங்கள். களைப்பை ஞாயிற்றுக்கிழமை தூங்கித் தீர்த்துக்கொள்ளலாம்.

வார நாளில்தான் போனோம். ஆனாலும் பூங்கா முழுக்கப் பள்ளிச் சீருடைகள்! அது எப்படி?

கல்விச் சுற்றுலா. நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை பள்ளிகள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவரும் காலம். அவர்களுக்குக் குழுக் கட்டணம் உண்டு. பூங்காவும் வார நாள் வெறிச்சோடாமல் இருக்க அவர்களை விரும்பி அழைக்கிறது. வார நாள் என்று நம்பிப் போகும் குடும்பம் நாற்பது பேருந்துப் பிள்ளைகளோடு கியூவில் நிற்க நேரிடும்.

இதற்கு ஒரே தீர்வு, இரண்டு நாள் முன்னால் பூங்காவுக்குப் போன் செய்து, “அன்றைக்கு ஸ்கூல் குரூப் எத்தனை வருது?” என்று நேரடியாகக் கேட்பதுதான். கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். பணம் கொடுப்பது நாம். இன்னொரு விஷயம், பள்ளிப் பேருந்துகள் மாலை சீக்கிரமே கிளம்பிவிடும். அப்படிப்பட்ட நாளில் மாட்டிக்கொண்டால் பதறாமல் மதியம் வரை சின்ன ரைடுகளைப் பார்த்துவிட்டு, பெரிய ரைடுகளைக் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மழை வந்துவிட்டால் டிக்கெட் பணம் அவ்வளவுதானா?

மழைக்காகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டிக்கெட் நிபந்தனைகளைப் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும். தேதி மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் மழை என்றாலே பயப்படத் தேவையில்லை. ரைடுகளை நிறுத்துவது பெரும்பாலும் மின்னலும் பலத்த காற்றும்தான். மின்னல் அடித்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நீச்சல் குளங்களில் இருந்தும் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். அதைக் குறை சொல்லவும் கூடாது. கேரளத்தில் ஜூன், ஜூலை மாதத் தென்மேற்குப் பருவமழை இடைவிடாமல் பெய்தாலும் அதில் இடி மின்னல் குறைவு. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் அங்கே மின்னல் அதிகம். எப்படியும் நனையத்தான் போகிறோம் என்று இருப்பவர்களுக்குக் கொச்சியின் ஜூலை மழை ஒரு தடையல்ல. கூட்டம் இருக்காது, மழைக்காலச் சலுகை கொடுக்கும் பூங்காக்களும் உண்டு. மாற்று உடை இரண்டு செட் வேண்டும். காய வைக்க வழியே இருக்காது. சளி, இளைப்புத் தொந்தரவு உள்ள குழந்தையை மட்டும் அழைத்துப் போக வேண்டாம்.

நம் ஊரில் அக்டோபர், நவம்பர் மழை வேறு விதம். மாலை இடியோடு வரும். அந்த மாதங்களில் தவிர்க்க முடியாமல் போனால், திறக்கும் நேரத்துக்கே உள்ளே இருங்கள். மெட்ராஸ் ஐ பரவும் பருவமும் அதுதான் என்பதால், வீட்டில் யாருக்காவது கண் சிவந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது மற்றவர்களுக்கும் செய்யும் உதவி.

சீசன் இல்லாத காலத்தில் போனால் பாதி ரைடுகள் மூடியிருக்கும் என்கிறார்களே?

பாதி என்பது மிகை. ஆனால் விஷயம் உண்மை. பெரிய ரைடுகளை ஆண்டுக்கொரு முறை பிரித்துப் பார்த்துப் பராமரிக்க வேண்டும். அதைக் கூட்டமில்லாத மாதங்களில்தான் செய்ய முடியும். அப்படிச் செய்வது நம் பாதுகாப்புக்குத்தான். கூட்டம் குறைந்த நாளில் இரண்டு ரயில் ஓடும் ரோலர் கோஸ்டரில் ஒன்றை மட்டும் ஓட்டுவதும் உண்டு. மூடும் நேரமும் வார இறுதியைவிட முந்தியதாக இருக்கும். ஆகவே உங்கள் பிள்ளை எந்த ரைடுக்காகத் துடிக்கிறதோ அதன் பெயரைச் சொல்லி, அந்தத் தேதியில் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ஓடவில்லை என்றால் மற்ற இருபது ஓடினாலும் பிள்ளையின் முகம் வாடிவிடும்.

ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் எடுத்தால் எந்த நாளிலும் போகலாம்தானே?

பணம் இருந்தால் போகலாம். ஆனால் கூட்டமில்லாத நாளில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். கூட்டமான நாளில் அந்த வரிசையிலும் ஆள் சேரும். நாலு பேருக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையைக் கணக்கிட்டால், வேறு நாளில் போய், மிச்சத்தில் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம். மே மாத ஞாயிறு தவிர வேறு வழியே இல்லை, இவ்வளவு தூரம் இனி வரவும் முடியாது என்கிறவர்களுக்கு மட்டும் இது பொருத்தம்.

குழந்தைக்கு நாலு வயது. இந்த வருடமே கூட்டிப் போகலாமா?

இங்கே மாதத்தைவிடக் குழந்தையின் உயரம்தான் முக்கியம். பூங்காக்களில் வயதைவிட உயரத்தைத்தான் அளக்கிறார்கள். வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழ் உள்ள குழந்தைக்கு டிக்கெட் இல்லை. அதற்கு மேல் 140 செ.மீ. வரை குழந்தைகளுக்கான கட்டணம். பெரிய, வேகமான ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. வேண்டும். அதாவது ஏழெட்டு வயதுப் பிள்ளை ரோலர் கோஸ்டர் கனவோடு போய் அளவுகோல் முன்னால் நின்று அழுதுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்துவிடுங்கள். 137, 138 என்று இருந்தால் ஆறு மாதம் பொறுத்துப் போவதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நியாயம். நாலு வயதுக் குழந்தைக்குப் பெரிய பூங்கா அவசியமே இல்லை. பக்கத்து ஊர்ப் பொருட்காட்சி ராட்டினத்தில் அதே சந்தோஷம் கிடைக்கும்.

ஊட்டி போகும்போது வழியில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரையும் பார்த்துவிடலாமா?

இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். மே மாத மலர்க் கண்காட்சியை ஒட்டி மலைப்பாதை நெரிசல் உச்சத்தில் இருக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதே சாலையில்தான் ஊட்டி வண்டிகள் வரிசை கட்டுகின்றன. பள்ளி திறந்த பிறகு ஜூன் பின்பாதி, ஜூலை வார நாட்கள் இங்கே அமைதி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும், சாரல் இருக்கும், கனமழை குறைவு. மேட்டுப்பாளையத்தின் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான்.

மே விடுமுறையில் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போகிறோம். அங்கேயும் கூட்டமாகத்தான் இருக்குமா?

நம் நாள்காட்டி நமக்குச் சாதகமாக அமையும் இடம் இது. சிங்கப்பூரில் பள்ளிகளின் நடு ஆண்டு விடுமுறை மே கடைசி வாரஇறுதியில்தான் தொடங்குகிறது. ஜூன் முழுக்க நீள்கிறது. ஆகவே மே முதல் மூன்று வாரங்களின் வார நாட்களில், பூங்கா இருக்கும் செந்தோசாவில் உள்ளூர்ப் பிள்ளைகளின் கூட்டம் இருக்காது. மே தினம், விசாக தினம் இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள். நம்மவர்களில் பலர் இங்கே வெயில் தாங்காமல் மே கடைசியில் கிளம்பி, அங்கே ஜூன் கூட்டத்தில் போய்ச் சேர்கிறார்கள். இரண்டு வாரம் முந்தினால் போதும். ஏப்ரல், மே பிற்பகல்களில் அங்கே இடிமழை வழக்கம் என்பதால், வெளிப்புற ரைடுகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

துபாய், அபுதாபியில் நிலைமை வேறு. 2010-இல் திறந்த ஃபெராரி வேர்ல்டு, 2016-இல் திறந்த ஐ.எம்.ஜி. வேர்ல்ட்ஸ் இரண்டும் கூரைக்குள், குளிர்சாதன வசதியோடு இருப்பவை, கோடையிலும் போகலாம். திறந்தவெளிப் பூங்கா என்றால் நவம்பர் முதல் மார்ச் வரைதான். அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 2022 முதல் சனி, ஞாயிறாக மாறிவிட்டது.

வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் அழைத்துப் போகலாம். மே என்றால் வேண்டாம். பிள்ளைகளின் பைகளைக் காத்துக்கொண்டு நாள் முழுக்க ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைப் பல பூங்காக்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். லாக்கர் வாடகை அவர்களின் உடம்பைவிடப் பெரிதல்ல.

எவ்வளவு யோசித்தாலும் எங்களுக்கு மே மாதம்தான் அமைகிறது. என்ன செய்யலாம்?

மே இரண்டாம் வாரத்துக்குள் ஒரு செவ்வாய் அல்லது புதன் பாருங்கள். பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் இருக்க வேண்டும். அதற்கு முதல் நாள் இரவே அந்த ஊருக்குப் போய்த் தங்குவது நல்லது. டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பல பூங்காக்களில் வார நாளுக்கும் வார இறுதிக்கும் விலை வேறு, ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் பெரிய ரைடுகள். பல பூங்காக்களில் நீர் விளையாட்டுகள் காலையில் உடனே தொடங்குவதில்லை என்பதால், முதலில் அந்தப் பக்கம் ஓடுவதில் பயனில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்பே சாப்பிட்டுவிட்டால் உணவக வரிசையும் மிச்சம். பன்னிரண்டு முதல் மூன்று வரை கூரையுள்ள ரைடுகள், நிழல், தண்ணீர். அந்த நேரத்தில் வேவ் பூலில் மணிக்கணக்கில் கிடக்கும் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தண்ணீரோ மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுக்க வேண்டும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே 12-ஆம் தேதி கிளம்ப வேண்டும் என்றால் மார்ச் 13-ஆம் தேதி காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். பூங்கா டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.